பீச்சாங்கால் மார்க்

மேஸ்திரி சொந்த மார்க் வேண்டும் என்று கிளம்பியதற்கு ஒரு பந்தாட்டக்காரனுடைய வாய்தான் காரணம்.

டோல்கேட்டுக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஓடு போட்ட நீளமான கட்டடம் ஒன்றில் அவருடைய தையற்கூடம் இருந்தது. ஆறு மிஷின். விளையாட்டுக்காரர்கள் போடுகிற துணி மட்டும்தான் அங்கே தைப்பார்கள். பந்தாட்டத்துக்கு ஜெர்சியும் நிக்கரும், கசரத்து எடுக்கிறவர்களுக்கு லங்கோடு, ஓட்டப்பந்தயத்துக்குக் கையில்லாத பனியன். தைத்ததையெல்லாம் மூட்டை கட்டி ஜட்கா வண்டியில் ஏற்றி மவுண்ட் ரோட்டில் ஒரு பெரிய கடைக்கு அனுப்பிவிடுவார். அங்கே கழுத்துப் பட்டியில் தங்கள் பட்டு லேபிளை வைத்துத் தைத்துக் கண்ணாடி அலமாரியில் அடுக்குவார்கள். பதினைந்து வருஷம் இப்படியே போயிற்று. மேஸ்திரி அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த மணல் திடலில் ஆட்டம் பார்க்கப் போயிருக்கிறார். இடைவேளையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவனின் தோள் தையலைப் பார்த்ததுமே தன் வேலை என்று தெரிந்துவிட்டது. ஆசையாகக் கை வைத்துத் தடவினாராம். அவன் கையைத் தட்டிவிட்டான்.

"கைய எடு பெருசு. சீமைத் துணி இது. லண்டன்லேர்ந்து கப்பல்ல வந்துகீது."

"நான் தச்சதுப்பா இது."

சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்களாம். மேஸ்திரி வீட்டுக்கு வந்து சோறு வேண்டாம் என்று படுத்துவிட்டார். மறுநாள் காலையில் மிஷின்களை நிறுத்தச் சொல்லி எல்லாரையும் கூப்பிட்டார். "இனிமே நம்ம துணி நம்ம மார்க்குலதான் போவணும்" என்றார். மவுண்ட் ரோட்டுக் கடைக்கும் சொல்லியனுப்பினார். உன் மார்க்கைப் போட்டுக்கொண்டால் எங்கள் மூட்டை உனக்குக் கிடையாது என்று அங்கிருந்து பதில் வந்தது. வந்தால் வரட்டும் என்றார். அவருடைய பெண்சாதிதான் பெட்டியில் இருந்த காசை எண்ணிப் பார்த்தாள்.

துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் சேர்ந்து ஒரு பந்தாட்டக் குழு வைத்திருந்தார்கள். அதன் கேப்டன் மேஸ்திரிக்குப் பழக்கம். ஈஸ்டர் முடிந்த சனிக்கிழமைக்குள் பதினோரு நிக்கர் தைத்துக் கொடுத்தால் பெரிய ஆட்டத்துக்கு அதைப் போட்டுக்கொண்டு இறங்குகிறோம், உன் மார்க்கை ஊரே பார்க்கும் என்று சொல்லிவிட்டார். மார்க்தான் இன்னும் பிறக்கவில்லை. அதைப் போடுவதற்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

எனக்கு அப்போது இருபது வயது. ராயபுரத்தில், மாதா கோயில் மணி காதில் விழுகிற தூரத்தில், ஒரு சந்து வீட்டில் நானும் அம்மாவும் இருந்தோம். கட்டுமரத்தோடு போன அப்பா திரும்பி வரவில்லை. கன்னியர் மடத்தில் எனக்குப் பூத்தையல் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கோயில் பீடத்துக்கு விரிக்கிற துணி, சாமியார் பூசைக்குப் போட்டுக்கொள்கிற அங்கி, இவற்றில் லில்லிப் பூவும் ஆட்டுக்குட்டியும் தைப்பது என் வேலை. எங்கள் வீட்டு அடுப்பு அதில்தான் எரிந்தது. மேஸ்திரிக்குக் காஜா எடுத்துக் கொடுப்பதெல்லாம் உப்பு புளிக்குத்தான்.

ஆனால் ஒரு சங்கதி அம்மாவையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது. நான் பீச்சாங்கைக்காரி. அந்தக் கை எதற்கு உதவுகிற கை என்று தமிழ் பேசுகிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சின்ன வயதில் சாப்பிடும்போது அம்மா என் இடது கையை முதுகுக்குப் பின்னால் துண்டால் கட்டிப்போடுவாள். விரலில் வேப்பெண்ணெய் தடவினாள். நானும் வலது கையால் சாப்பிட, எழுத, கும்பிட எல்லாம் கற்றுக்கொண்டேன். ஊசி மட்டும் வலது கைக்கு வரவில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள், அதுதான். மடத்தில் நாலு பேர் முன்னால் வலது கையால் ஆமை வேகத்தில் குத்துவேன். மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, கதவைத் தாழ் போட்டுவிட்டு, இடது கையால் சரசரவென்று முடிப்பேன். பட்டப்பகலில் எங்கள் வீடு மட்டும் சாத்திக் கிடக்கும். உள்ளே கூரைக்கண்ணாடி வழியாக விழுகிற ஒரு சாண் வெளிச்சம்தான். அதற்கு நேராக மடியை நகர்த்தி நகர்த்தித் தைப்பேன்.

தாழ் போடுகிறவள் அம்மாதான். "கோயில் துணிய பீச்சாங்கையால தைக்கிறான்னு மடத்துல தெரிஞ்சிதுன்னு வெச்சுக்கோ, அன்னியோட வேல காலி. அப்பால எவன்டி வந்து உன்னக் கட்டுவான்? மாதாவே, இந்தப் பொண்ண நீதான் காப்பாத்தணும்" என்பாள். நாளுக்கு ஒரு தடவையாவது சொல்லுவாள். கேட்டுக் கேட்டு எனக்கும் உள்ளுக்குள் பயம் ஊறிப்போயிருந்தது. தெருவில் யாராவது என் கையைப் பார்த்தாலே முந்தானைக்குள் இழுத்துக்கொள்வேன்.

சரி, மார்க் விஷயத்துக்கு வருகிறேன். மேஸ்திரிக்குச் சிங்கம் வேண்டும். நான் சிங்கத்தை எங்கே கண்டேன்? தீப்பெட்டியில் இருந்ததைப் பார்த்துக் காகிதத்தில் பென்சிலால் போட்டேன். மேஸ்திரியின் பெண்சாதி எட்டிப் பார்த்தாள்.

"ஐயே, இது சிங்கமா? மீன் மார்க்கெட்டாண்ட ஒண்ணு சொறி புடிச்சுப் படுத்துக்கினு இருக்குமே, அது மாறியே கீது."

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப நீங்களே வரையுங்களேன் அக்கா" என்று பென்சிலை நீட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே குழம்பைக் கிளறப் போய்விட்டாள். அடுத்து மேஸ்திரி கிரீடம் போடலாம் என்றார். கிரீடம் போட்டால் சர்க்கார் துணி என்று நினைத்து ஒருத்தரும் தொடமாட்டார்கள் என்று அடுப்படியிலிருந்தே பதில் வந்தது. எழுத்துப் போடலாமா என்றார். தமிழா இங்கிலீஷா என்று அவரே அரை நாள் யோசித்தார். மூட்டை தூக்குகிறவர்களில் பாதிப் பேருக்கு இரண்டும் தெரியாது. கடைசியில் எழுத்தே வேண்டாம், பார்த்தால் பச்சைப்பிள்ளைக்கும் புரிகிற மாதிரி ஒரு படம் போதும் என்று முடிவாயிற்று. அன்றைக்கு ஒரே ஒரு எழுத்தைச் சேர்த்திருந்தால்கூட நான் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

இடுப்பளவு எடுப்பதற்காக மேஸ்திரியும் அவர் பெண்சாதியும் திடலுக்குப் போனபோது என்னையும் கூட்டிப் போனார்கள். அதற்கு முன் நான் பந்தாட்டம் பார்த்ததில்லை. கத்தலும் தூசியுமாக இருந்தது. எனக்கு ஆட்டம் ஒன்றும் விளங்கவில்லை, கால்தான் கண்ணில் பட்டது. ஒருவர் காலிலும் பூட்ஸ் கிடையாது. மேஸ்திரி காட்டிய சீமைப் புத்தகத்துப் படத்தில் எல்லாரும் தோல் பூட்ஸ் போட்டிருந்தார்கள். இங்கே வெறுங்கால், வெடித்த குதிகால், பிளந்த கட்டை விரல். அந்தக் காலை வைத்துக்கொண்டு அவ்வளவு கெட்டியான பந்தை உதைக்கிறார்கள். பார்த்துக்கொண்டே நின்றேன்.

எனக்குச் சிங்கம் வராது, கால் வரும். பெரிய வியாழக்கிழமை சாமியார் பன்னிரண்டு பேருடைய பாதத்தைக் கழுவித் துடைக்கிற சடங்கு உண்டல்லவா, அந்தத் துண்டின் ஓரத்தில் ஒரு பாதமும் ஒரு கிண்ணியும் தைத்தவள் நான்தான். கழுவுவது வலது காலைத்தான். அதனால் வலது கால் எனக்குக் கணுக்கால் எலும்பு முதல் சுண்டு விரல் நகம் வரை மனப்பாடம். கிண்ணியை எடுத்துவிட்டு, விரல் நுனியில் ஒரு பந்தை வைத்தேன். குதிகாலைச் சற்றே தூக்கினேன். அவ்வளவுதான், மார்க் பிறந்துவிட்டது.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அதைக் காட்டினேன். மேஸ்திரி நெடுநேரம் பார்த்தார். "ஒதைக்கறான்பா!" என்றார். முகம் மலர்ந்துவிட்டது. அப்போதுதான் இஸ்திரி போடுகிறவர் வாயைத் திறந்தார். புளியந்தோப்பிலிருந்து நடந்தே வருகிற மனிதர். அதிகம் பேசமாட்டார், பேசினால் நியாயமாக இருக்கும்.

"நைனா, இத்த எங்க வெப்பீங்க?"

"ஜெர்சியில. நெஞ்சு மேல."

"நெஞ்சு மேல காலா?" என்று கேட்டுவிட்டுச் சோற்றைப் பிசைய ஆரம்பித்துவிட்டார்.

அவர் சொன்ன பிறகு எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. தெரியாமல் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஜனம். மாரில் உதைக்கிற மாதிரி ஒரு காலைத் தைத்துக் கொடுத்தால் எவன் போட்டுக்கொள்வான்? முதுகில் வைத்தால் முதுகில் உதைத்த மாதிரி. தோளில் வைத்தால் அதைவிட மோசம். மேஸ்திரி காகிதத்தைச் சட்டை மேல் அங்கும் இங்கும் வைத்துப் பார்த்துச் சோர்ந்துபோனார். எனக்கும் அழுகை வந்தது. இரண்டு நாள் கண்ணைக் கொடுத்து வரைந்தது.

"ஜெர்சிய வுடுங்க. நிக்கர்ல வைங்க" என்றார் இஸ்திரிக்காரர், கை கழுவிக்கொண்டே. "தொடைக்குக் கீழ, ஓரத்துல. காலு காலாண்டதான் கீது. அப்பால எவன் இன்னா சொல்லப்போறான்?"

மேஸ்திரி எழுந்து போய் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். எல்லாரும் பந்தைத்தான் பார்ப்பார்கள், பந்து காலிடம்தான் இருக்கும், மார்க்கும் அங்கேயே இருந்தால் கண்ணுக்குத் தப்பாது என்று தானாகவே நாலு தரம் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

பூத்தையலில் ஒரே படத்தைப் பல துணியில் இறக்குவதற்கு ஒரு வழி உண்டு. படத்தின் கோடு முழுக்க ஊசியால் பொட்டுப் பொட்டாகக் காகிதத்தில் குத்திக்கொள்ள வேண்டும். காகிதத்தைத் துணிமேல் வைத்து, சுண்ணாம்புத் தூள் கட்டிய சின்ன மூட்டையால் தட்டினால் துளை வழியாகத் தூள் இறங்கிப் படம் விழும். அதன்மேல் தைக்கலாம். நான் குத்திக் கொடுத்தேன். இஸ்திரி மேசை சமதளமாக இருப்பதால் இஸ்திரிக்காரரே பதினோரு நீல நிக்கரிலும் தூளைத் தட்டி, பதனமாக மடித்து, காகிதத்தையும் தூள் மூட்டையையும் மேலே வைத்து எனக்குக் கொடுத்தார். நான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தேன். அம்மா கதவைத் தாழ் போட்டாள்.

முதல் நிக்கரை மடியில் விரித்ததும் என் இடது கை இடக்குப் பண்ணியது. வலது கைக்காரர்களுக்குத் தையல் இடமிருந்து வலமாக ஓடும். எனக்கு எதிர்ப்பக்கம் ஓட வேண்டும். குதிகாலில் தொடங்கி விரலில் முடிப்பதற்குப் படம் வாட்டமாக விழவில்லை. தூளும் நடக்கிற நடையில் பாதி கலைந்திருந்தது. சட்டென்று எல்லாவற்றையும் உதறினேன். காகிதத்தைத் திருப்பிப் போட்டு மறுபடி தூளைத் தட்டினேன். இப்போது கோடு என் கைக்கு வழிவிட்டு ஓடியது. மஞ்சள் நூலில் மூன்றே பகலில் பதினொன்றையும் முடித்தேன். அவ்வளவு அழகாக நான் அதற்கு முன் தைத்ததில்லை. எழுத்து ஒன்று இருந்திருந்தால் திரும்பி நின்று காட்டிக் கொடுத்திருக்கும். படம்தானே, மூன்று நாளும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பீச்சாங்கைக்காரியின் கண்ணுக்குப் பீச்சாங்கால் எப்படித் தப்பாகத் தெரியும்?

தையற்கூடத்திலும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. மேஸ்திரி தையலின் நெருக்கத்தைப் பார்த்தார், பின்பக்கம் முடிச்சு இல்லாததைப் பார்த்தார், "சீமைக்காரன் கெட்டான் போ" என்றார்.

சனிக்கிழமை காலை பந்தாட்டக் குழு முழுவதும் வந்து இறங்கியது. கூடமே நிறைந்துவிட்டது. நான் கதவோரம் நின்றேன். கேப்டன் ஒரு நிக்கரை எடுத்து விரித்துப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். பிறகு முக்காலியை இழுத்து, அதன்மேல் தன் வலது காலைத் தூக்கி வைத்து, நிக்கரைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். காலை இறக்கினார். இடது காலைத் தூக்கி வைத்தார்.

"இன்னா மேஸ்திரி இது? பீச்சாங்காலு!"

ஒவ்வொருத்தனாகக் காலைத் தூக்கி முக்காலியில் வைத்துப் பார்க்க ஆரம்பித்தான். சுண்டு விரல் எந்தப் பக்கம், கட்டை விரல் எந்தப் பக்கம் என்று ஒரே கூச்சல். கோல் காக்கிற கோலிக்காரன் நிக்கரைப் பெஞ்சில் போட்டுவிட்டான். "சோத்துக் கால எடுத்து வெச்சுத்தான் நான் கிரவுண்டுலயே எறங்குவேன். இத்தப் போட்டுக்கினு எறங்கனா வெளங்கனாப்பலதான்" என்றான். இரண்டு மூன்று பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள். மறுநாள்தான் பெரிய ஆட்டம்.

மேஸ்திரியின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. மவுண்ட் ரோட்டு மூட்டையும் போயிற்று, இதுவும் போனால் அவருக்கு வேறு போக்கிடம் இல்லை. அவர் மெல்ல இஸ்திரிக்காரர் பக்கம் திரும்பினார்.

"தூளத் தட்னது நீதான?"

"நான் சரியாத்தான் நைனா தட்னேன்."

"காயிதத்தத் திருப்பி வெச்சிட்டுச் சரியாத்தான் தட்னேங்கிற? கண்ணு எங்க வெச்சிருந்த?"

"பெத்தவ மேல ஆணயா நைனா..."

அந்த மனிதர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். மார்க்குக்கு இடம் சொன்னவரே அவர்தான். சும்மா இருந்துவிடு என்று அம்மாவின் குரல் காதுக்குள் கேட்டது. சும்மா இருந்திருந்தால் ஒரு நாள் திட்டோடு போயிருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. மேஸ்திரியின் பெண்சாதி எங்கள் கோயிலுக்கு வருகிறவள், அவள் காதில் விழுந்தால் ஊர் முழுக்கத் தண்டோரா. எல்லாம் தெரியும். ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை, ஆத்திரம்தான் வந்தது. என் மேலேயே வந்த ஆத்திரம்.

"அவர ஏன் திட்றீங்க? திருப்பிப் போட்டது நான். எனக்குப் பீச்சாங்கைதான் வரும். பதினொண்ணையும் பீச்சாங்கையாலதான் தச்சேன்."

கத்தியேவிட்டேன் போலிருக்கிறது. தெருவில் போன ஒருவர் நின்று எட்டிப் பார்த்தார். முந்தானைக்குள் இருந்த கையை வெளியே எடுத்துத் தொங்கவிட்டேன். இனி மறைத்து என்ன? சோற்றில் மறைத்து வைத்திருந்த முழுப் பூசணிக்காயைப் போட்டு உடைத்தாயிற்று. மேஸ்திரி வாயைத் திறந்தபடி நின்றார். அவர் பெண்சாதி மாரில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அப்போது பின்னாலிருந்து ஒருத்தன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். ஒல்லியான ஆள், கொருக்குப்பேட்டைக்காரன். ஆட்டத்தில் இடது ஓரமாக ஓடுகிறவன், லெப்ட் அவுட் என்பார்கள். பெஞ்சில் கிடந்த நிக்கரை எடுத்துத் தட்டித் தோளில் போட்டுக்கொண்டான்.

"ஏம்பா, போன வருசம் எங்க டீமாண்ட சண்ட போட்டு என்னிய இட்டுகினு வந்தீங்களே, இன்னாத்துக்கு? சோத்துக்கால் ஆளு கெடைக்காமயா? பீச்சாங்கால்ல அடிக்கிறவன் ஒருத்தன் வோணும்னுதான? அப்ப மட்டும் இனிச்சிதா?"

கேப்டன் முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்துவிட்டார்கள். கோலிக்காரன் மட்டும் முனகிக்கொண்டே இருந்தான். "அடப் போடா, உனக்குக் கையிலதான வேல, காலு எதுவா இருந்தா இன்னா" என்று கேப்டன் அவன் தலையில் நிக்கரைக் கவிழ்த்தார். பதினொன்றையும் எடுத்துக்கொண்டு போனார்கள். மேஸ்திரி இஸ்திரிக்காரரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. என் பக்கம் திரும்பவில்லை. நான் கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

ஆட்டத்தில் ஜெயித்தார்கள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். தோற்றார்கள். ஒரே ஒரு கோல். அதுவும் கோலிக்காரனின் இரண்டு காலுக்கும் நடுவே புகுந்து போனதாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற மாதிரி அவன் நிக்கரைக் குற்றம் சொல்லப் பார்த்திருக்கிறான். பந்து எந்தக் காலிலும் படாதபோது எந்தக் காலைக் குற்றம் சொல்வது என்று கூட்டமே கேலி பண்ணியதாம்.

அம்மாவுக்கு நான் சொல்லுமுன்பே தெரிந்துவிட்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தபோது பெண்கள் என் கையைப் பார்த்தார்கள். திங்கட்கிழமை மடத்திலிருந்து ஆள் வந்தது. மே மாதத்து மாதா பீடத்துக்கென்று எனக்குக் கொடுத்திருந்த துணியை எடுத்துக்கொண்டு போனேன். பூத்தையல் சொல்லிக்கொடுத்த மடத்து அம்மா அதைத் திரும்ப வாங்கி மேசையில் வைத்தார். அவர் கெட்டவர் இல்லை. திட்டவும் இல்லை. "பீடத்துக்கு வேண்டாம் மகளே" என்று மட்டும் சொன்னார்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. "பெரிய வியாழக்கிழமை காலு தொடச்ச துண்டும் இந்தக் கையால தச்சதுதாம்மா" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். துணியை இன்னும் ஒரு மடிப்பு மடித்தார். நான் வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் மூன்று நாள் அம்மா என்னோடு பேசவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டுத் திரும்பிக்கொள்வாள். அடித்திருந்தால்கூடத் தேவலை. நான் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன். கோயில் துணி இல்லை. நிக்கரும் தோற்றுவிட்டது. இனி எந்தத் துணியைத் தைத்து அடுப்பு மூட்டுவது என்று தெரியவில்லை. இவ்வளவுக்கும் நான் செய்த தப்பு என்ன என்றும் தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை மேஸ்திரியே வந்தார். தலையில் ஒரு மூட்டை. வாசற்படியில் இறக்கிவிட்டு மூச்சு வாங்கினார். அம்மா உள்ளேயிருந்து வரவில்லை.

"ரயில்ல வேல செய்றவங்க டீமு, எர்ணாவூர் டீமு, ரெண்டு பேரும் கேட்டுகிறாங்கம்மா" என்றார். "பாத மார்க்குன்னு நான் பதவிசா ஒரு பேரு வெச்சேன். ஒருத்தன் வாயிலயும் வரல. வர்ரவன் எல்லாம் பீச்சாங்கால் நிக்கர் கீதாங்கறான். டோல்கேட்டு பீச்சாங்கால்னு அட்ரசே ஆயிடுச்சு."

"சோத்துக்காலா மாத்தித் தரட்டுமா மேஸ்திரி?" என்று கேட்டேன்.

"மாத்திடாத தாயே! கைய எடுத்துக் கும்புடறேன்." உண்மையிலேயே கும்பிட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நேத்து திடலாண்ட நம்ம டீமு ஆளோட தம்பிக்காரன் ஒருத்தன், அண்ணன் நிக்கரப் போட்டுக்கினு இருந்தான். எங்க வாங்கினதுப்பான்னு கேட்டேன். டோல்கேட்டு மேஸ்திரி தச்சதுன்னான். நான்தான் அதுன்னு சொல்லலை. சும்மா வந்துட்டேன்." இதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நான் மூட்டையை உள்ளே இழுத்தேன். வழக்கம்போலக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளில் கை வைத்தேன். அம்மா அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். என் கையைத் தாழ்ப்பாளிலிருந்து எடுத்துவிட்டாள். இரண்டு கதவையும் சுவர் வரைக்கும் தள்ளித் திறந்தாள். பாயைக் கொண்டுவந்து வாசல் நிலைக்கு நேராக, வெயில் விழுகிற இடத்தில் போட்டாள். எதிர் வீட்டுக்காரி குழாயடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி மசமசன்னு நிக்கிற? குந்து" என்றாள் அம்மா. "இருட்டுல தச்சுத் தச்சுக் கண்ணப் பாரு, எப்பிடி உள்ள போயிருக்குதுன்னு."

குந்தினேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். மஞ்சள் நூலை எடுத்து, நுனியை எச்சிலில் நனைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஊசியில் கோத்தாள். முடிச்சுப் போட்டாள். அப்புறம் என் இடது கையைப் பிடித்து இழுத்து, அதில் ஊசியைக் கொடுத்தாள்.